ஜூலை முப்பத்தொன்று முதல்

கரண்ட் நான்கு மணிக்குத்தான் வரும், ஆடிட்டரும் நான்கு மணிக்குத்தான் வருவார், அதுவரை செண்பகவல்லிக்கு இந்த உலகத்தில் ஒரு வேலையும் கிடையாது. பதினோரு வருடத்தில் இப்படி இரண்டு மணி நேரம் ஓசியில் கிடைத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து விருதுநகர் பஜார் பக்கம் முழுக்க மின்தடை. ஆபீஸ் இன்வெர்ட்டர் மத்தியானம் இரண்டு மணி வரை முக்கி முனகிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் நாலும் கண்ணை மூடிவிட்டன. ஆடிட்டர் தெய்வநாயகம் அருப்புக்கோட்டையில் ஒரு எண்ணெய் மில்காரர் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருப்பார். வாங்கட்டும். செண்பகம் ஒரு பழைய படிவத்தைத் திருப்பிப் போட்டு, அடிஸ்கேலும் பென்சிலும் எடுத்து, கட்டம் போட ஆரம்பித்தாள். ஐம்பத்தொன்பது கட்டம். செப்டம்பர் ஒன்பதாம் தேதி நேரடி வரிப் பரீட்சை. அதற்கு இன்னும் ஐம்பத்தொன்பது நாள். சி.ஏ. இறுதித் தேர்வின் இரண்டாவது குரூப், அதில் மூன்று பேப்பர், அதில் ஒன்று மட்டும் அவளை மூன்று தடவை வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தது. மணிக்கட்டு வேர்வையில் பென்சில் கோடு ஈஷியது. அழிரப்பரை எடுத்தாள். கோடு போவதற்குப் பதிலாகக் கரியாகப் பரவியது. முதல் கட்டமே இப்படியா என்று முனகிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

நிதானமாக யோசி. நிதானமாக. மறைமுக வரியில் அறுபத்து மூன்று இருக்கிறது. அறுபதைத் தாண்டிவிட்டால் அந்தப் பேப்பரை அடுத்த மூன்று தடவைக்கு எழுத வேண்டாம், அந்த மார்க்கையே எடுத்துக்கொள்வார்கள். போன செப்டம்பரில் வாங்கியது. ஜனவரி ஒன்று, மே ஒன்று, இரண்டு தடவை போயிற்று. வருகிற செப்டம்பர்தான் கடைசி. அதையும் விட்டால் அறுபத்து மூன்றும் போய், மூன்று பேப்பரையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அதற்குள் வருமான வரிக்குப் புதுச் சட்டம் வேறு வந்துவிட்டது, இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்குப் பரீட்சைக்கும் அதுதான் வரும், மனப்பாடமாகக் கிடக்கிற பிரிவு எண்ணெல்லாம் குப்பைக்குப் போகும். முப்பத்து மூன்று வயதில் மறுபடி அரிச்சுவடியா? முடியாது. ஆக செப்டம்பர். மூன்று பேப்பருக்கும் சேர்த்து நூற்றைம்பது வேண்டும், அறுபத்து மூன்று போக எண்பத்தேழு. அந்த எண்பத்தேழைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. ஆறாவது பேப்பர், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுகிற பேப்பர், அதில் அவள் ஐம்பத்தொன்று வாங்கியவள். பிரச்சினை எண்பத்தேழு இல்லை. பிரச்சினை நாற்பது. ஒவ்வொரு பேப்பரிலும் குறைந்தது நாற்பது வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, அந்த நாற்பது. நேரடி வரியில் போன செப்டம்பரில் முப்பத்தெட்டு. ஜனவரியில் முப்பத்தாறு. மே மாதம், போன ஞாயிற்றுக்கிழமை ரிசல்ட் வந்ததே, முப்பத்தொன்பது. மொத்தம் நூற்றைம்பதையும் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறது, ஒரே ஒரு மார்க் இல்லை. ஒரு மார்க். அதுவும் எதில்? அவள் சோறு தின்கிற வேலையில். வருடத்துக்கு நானூறு பேருடைய ரிட்டர்னைத் தன் கையால் போடுகிறவளுக்கு வருமான வரியில் முப்பத்தொன்பது.

இதைத்தான் ஆடிட்டர் சொன்னார். திங்கட்கிழமை காலை, பருப்பு மில் சவுந்தரபாண்டியன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது. அந்த ஆள் சும்மா இருந்திருக்கலாம், “பாப்பாவுக்கு ரிசல்ட் என்னாச்சு?” என்று கேட்டுத் தொலைத்தார். ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், “அத ஏன் கேக்குறீங்க. இவ போடுற ரிட்டர்னுக்கு நான் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுவேன். கவர்மெண்டுகாரன் கண்ணத் தொறந்து பாத்துட்டான் போல, முப்பத்தொம்பது!” என்றார். சவுந்தரபாண்டியன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். மேஜையில் இருந்த டீ கிளாஸ் குலுங்கியது. அவளும் சிரித்தாள். அதுதான் ஆறமாட்டேன் என்கிறது. அவர் சொன்னதுகூட ஒரு பக்கம் கிடக்கட்டும், அவள் எதற்குச் சிரித்தாள்? பல்லைக் காட்டிக்கொண்டு, ஏதோ மெடல் கொடுத்த மாதிரி? அந்தச் சிரிப்பு இந்த ஆறு நாளாக முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லை. திங்கள் மதியம் எண்ணெய்க்கடைக்காரரிடம் அதே ஜோக். செவ்வாய்க்கிழமை தீப்பெட்டிக்காரரிடம். புதன்கிழமை போனில். ஒவ்வொரு தடவையும் ஜோக்குக்குக் கொஞ்சம் கை கால் முளைத்தது. வெச்சுக்கிறேன், என்று அவள் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எங்கே, எப்போது, எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டம்.

“ஏம்மா செண்பகம், பிளாஸ்க்குல டீ கெடக்கு, ஊத்தவா?” என்று லிங்கம்மாள் அக்கா கதவோரத்திலிருந்து கேட்டாள். ஆபீஸ் கூட்டித் துடைக்கிறவள். கரண்ட் இல்லாததால் அவளும் தரையில் முந்தானையை விரித்து ஒருக்களித்துக் கிடந்தாள். “வேண்டாங்க்கா.” “கோலமா போடுற?” “ஆமாக்கா.” “பெரிய புள்ளியா இருக்கே,” என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

நாற்பது நாள் லீவு. அதற்குக் கீழே இறங்கினால் கதை நடக்காது. முதல் சுற்று இருபது நாள், ஒரு தலைப்பு விடாமல். இரண்டாம் சுற்று பன்னிரண்டு. மூன்றாவது ஐந்து. கடைசி மூன்று நாள் வெறும் புரட்டல். காலை ஐந்திலிருந்து பதினொன்று நேரடி வரி, மத்தியானம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறாவது பேப்பர், சாயங்காலம் மூன்று மணி நேரம் கடிகாரத்தை வைத்து முழுப் பரீட்சை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஆறேகால் வரை ஒரு சின்னக் கட்டம் போட்டு அதில் ‘கோபம்’ என்று எழுதினாள். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அனுபவப்பட்டவளுக்குத்தான் தெரியும். மே மாதப் பரீட்சைக்குப் படிக்கும்போது அவள் கணக்குப் பார்த்தாள். மூலதன ஆதாயம் என்று பக்கத்தைத் திறந்தால் நாலாவது வரியில் ஆடிட்டர் வந்து நிற்பார். அவர் என்ன சொன்னார், அவள் என்ன சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்லியிருந்தால் அவர் முகம் எப்படிப் போயிருக்கும், என்று ஓடி, பக்கம் திருப்பாமலே முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அந்த மனுஷனுக்கே போனது. நாற்பது நாளில் நாற்பது மணி. அதைப் படித்திருந்தால் ஒரு மார்க் வந்திருக்காதா? அதனால் இந்தத் தடவை கோபத்துக்கென்று தனி நேரம் ஒதுக்கியாயிற்று. மற்ற நேரத்தில் அவர் வந்தால், ஆறு மணிக்கு வாங்க என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

செப்டம்பர் ஒன்பதிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். செப்டம்பரில் எட்டு நாள், ஆகஸ்டில் முப்பத்தொன்று. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து லீவு எடுத்தால், மொத்தம் முப்பத்தொன்பது. பென்சில் நின்றுவிட்டது. மறுபடி எண்ணினாள், விரல் விட்டு. முப்பத்தொன்பதேதான். இந்த எண் அவளை விடாது போலிருக்கிறதே. பஸ் டிக்கெட்டில், கேஸ் சிலிண்டர் சீட்டில், எங்கே பார்த்தாலும் வந்து பல்லைக் காட்டுகிறது. கீழே வங்கியின் ஜெனரேட்டர் தடதடத்தது. தெருவிலிருந்து வற்றல் நெடி ஏறி வந்து தொண்டையைக் கமறியது, மிளகாய் மூட்டையை யாரோ பிரிக்கிறார்கள். ஒரு ஃபைல் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டாள். ஒரு நாள் குறைகிறது. இருபது, பன்னிரண்டு, ஐந்து, மூன்று என்று கச்சிதமாக உட்கார்ந்த திட்டத்தில் ஒரு நாள் துண்டு விழுகிறது. கடைசி மூன்றை இரண்டாக்கலாமா? ஆக்கினால் மறுபடி முப்பத்தொன்பதுதான் வாங்குவோம் என்று ஒரு பயம் கிளம்பியது, படித்தவள் பயப்படுகிற பயமா அது, ஆனாலும் கிளம்பியது. அப்போதுதான் அவளுக்குச் சட்டென்று பட்டது. ஒரு நாள் முன்னால் போனால் என்ன? ஜூலை முப்பத்தொன்று முதல். நாற்பது. ஜூலை முப்பத்தொன்று. சம்பளக்காரர்கள் ரிட்டர்ன் போடக் கடைசி நாள்! அவள் ஃபைல் அட்டையைக் கீழே வைத்தாள். வாத்தியார்களும் வங்கிக்காரர்களும் ரிட்டயர்டு தாசில்தார்களும் கடைசி நாளில்தான் படிவத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி முழுக்க நிற்பார்கள். பாஸ்வேர்டு மறந்துபோனவர்கள், ஆதார் எடுத்துவராதவர்கள், ஓடிபி வேறு போனுக்குப் போகிறவர்கள். அன்றைக்குச் செண்பகத்தின் நாற்காலி காலியாக இருக்கும். அதற்குப் பிறகு ஆகஸ்ட், செப்டம்பர், ஆடிட் சீசன், வியாபாரிகளின் ஆடிட் அறிக்கை அத்தனையும் செப்டம்பர் முப்பதுக்குள். யாரை வைத்துப் போடுவார்? கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர் கண்ணைத் திறந்து கம்ப்யூட்டரைப் பார்க்கட்டும். அவளுக்கு ஆறு நாளில் முதல் தடவையாக மனசு குளிர்ந்தது.

இந்த ஆபீசில் செப்டம்பரில் யாரும் பரீட்சை எழுதுவதில்லை. அது எங்கும் எழுதிவைக்காத சட்டம். ஜனவரி எழுது, மே எழுது, செப்டம்பர் என்ற பேச்சை எடுக்காதே. போன வருடம் அவள் எடுத்தாள். வாயால் கேட்டாள், அதுதான் தப்பு. “செப்டம்பர்ல லீவா? கல்யாண வீட்ல மாப்பிள்ளையே லீவு கேட்ட மாதிரி இருக்கு,” என்றார். அதற்கும் அவள் சிரித்துத் தொலைத்தாள். நாலு நாள் கொடுத்தார். மதுரையில் நேரடி வரி எழுதிவிட்டு, கை விரல் மடங்காமல், பஸ் பிடித்து வந்து சாயங்காலம் இரண்டு ஆடிட் அறிக்கை ஏற்றிவிட்டுப் போனாள். அவர் அன்று அவளுக்கு ஒரு மசால் தோசை வாங்கித் தரச் சொன்னார். அதைச் சொல்லவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. ஒரு மசால் தோசை. அவள் தின்றாள், பசி. அந்தத் தோசையின் மேலும் அவளுக்கு இப்போது கோபம் இருந்தது.

ஆனால் தோற்றதற்கு, கொடுத்த லீவு போதாமல் போனதுகூட இல்லை காரணம். அதுதான் அவளுக்குப் போன ஏப்ரல்வரை தெரியாது. ஜனவரி விடைத்தாளின் நகலை விண்ணப்பித்து வாங்கிப் பார்த்தாள். பதில் சரி. பக்கத்துக்குப் பக்கம் பதில் சரி. வரி எவ்வளவு என்று ஒரே வரியில், அழகான கையெழுத்தில், அடியில் இரட்டைக் கோடு போட்டு, சரியான தொகை. ஆனால் எட்டு மார்க் கேள்விக்கு மூன்று. ஆறு மார்க் கேள்விக்கு இரண்டு. எந்தப் பிரிவு, ஏன் கழித்தாய், ஏன் சேர்த்தாய், கணக்குப் போட்ட வழியைக் காட்டுகிற ஒர்க்கிங் நோட் எங்கே, ஒன்றும் இல்லை. ஸ்டெப்புக்குத்தான் மார்க், அவள் ஸ்டெப்பே வைக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. ஏன் செய்தாள்? யோசிக்கவே வேண்டாம், பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அப்படியே எழுந்து வந்து நின்றது. அவள் ஆபீசில் சேர்ந்த புதிது. ஒரு வியாபாரிக்கு முன்னால் மூன்று பக்கத்துக்குக் கணக்கீட்டை விரித்து வைத்து, இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் வரிக்கு வரி சண்டை பிடித்தார். அவர் போனதும் ஆடிட்டர் உள்ளே கூப்பிட்டு, “வழியக் காட்டுனா வழி நெடுக நின்னு கேள்வி கேப்பான்மா. ஆன்சர மட்டும் காட்டு. வழி நம்மகிட்ட இருக்கட்டும்,” என்றார். அவள் கற்றுக்கொண்டாள். கற்பூரப்புத்தி என்று அவரே மெச்சினார். அன்றிலிருந்து கணக்கு தலைக்குள்ளேயே ஓடி முடிந்து, ஆன்சர் மட்டும் கை வழியாக வெளியே வரும். பரீட்சை ஹாலில் உட்கார்ந்தாலும் அதே கை. எதிரில் இருக்கிறவன் மார்க் போடுகிறவன், வழி நெடுக நின்று கேள்வி கேட்கத்தான் அவனுக்குச் சம்பளம், என்று மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. மே மாதம் தெரிந்தே எழுதினாள், அப்படியும் ஒரு மணி நேரம் போனதும் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. பதினோரு வருடமாக அவர் அவள் கையைப் பிடித்து எழுதிக்கொண்டிருக்கிறார். தன் வலது கையை மேஜைமேல் வைத்துப் பார்த்தாள். ஆட்காட்டி விரலில் பேனா அழுத்திய தழும்பு. இதுவும் அவர் ஆள்தான் என்று தோன்றியபோது, சொந்தக் கை என்றும் பார்க்காமல் ஸ்கேலால் ஒன்று போட்டாள்.

“என்னம்மா சத்தம்?” என்றாள் லிங்கம்மாள் அக்கா. “கொசுக்கா.”

பழி வாங்க வேண்டுமென்றால் பரீட்சை எல்லாம் எதற்கு, இன்றைக்கே வாங்கலாம். இது அவளுக்கு முதல் தடவை தோன்றுவதில்லை. மேஜை டிராயரை இழுத்தாள். ஸ்டேப்ளர் பின், காந்தம், பாதி கற்கண்டுப் பொட்டலம், அவற்றுக்கு நடுவில் நீலநிறப் பென் டிரைவ் மாதிரி ஒன்று. ஆடிட்டர் தெய்வநாயகத்தின் டிஜிட்டல் கையெழுத்து. கையெழுத்துப் போடுகிற சிரமம்கூட வேண்டாமென்று மனுஷன் தன் கையையே கழற்றி அவள் டிராயரில் வைத்திருக்கிறார். பாஸ்வேர்டு அவள் வைத்ததுதான். ஆடிட் அறிக்கையில் ஒரே ஒரு இடத்தில் ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றினால் போதும். துறையிலிருந்து நோட்டீஸ் வரும், சி.ஏ. இன்ஸ்டிடியூட்டிலிருந்து விசாரணை வரும், முப்பது வருடச் சர்டிபிகேட் சுவரிலிருந்து இறங்கும். அதை உள்ளங்கையில் வைத்து மூடினாள். எடையே இல்லை. ஒரு நிமிடம், நிஜமாகவே ஒரு நிமிடம், எந்தக் கிளையண்ட், எந்தப் பக்கம் என்றுகூட யோசித்தாள். தப்பான வேலை ஒன்று தன் கையிலிருந்து போவதை நினைத்ததும் உடம்பு கூசியது. அவருக்காக இல்லை. செண்பகவல்லி போட்டது தப்பு என்று எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து சொல்லுவானே, அதை நினைத்து. டிராயரில் போட்டு மூடினாள். கெட்டவளாக இருப்பதற்குக்கூடத் தான் லாயக்கில்லை என்று எரிச்சலாக வந்தது. ஜூலை முப்பத்தொன்று லீவு என்றாலும் முப்பதாம் தேதிக்குள் அத்தனை வாத்தியார் ரிட்டர்னையும் முடித்துவிட்டுத்தான் போவாள், அதுவும் அவளுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. முடிந்தவரையில் அதை யோசிக்காமல் இருக்க முயன்றாள்.

வேண்டாம், பழி நேர்வழியில்தான். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டிடம், கீழே உரக்கடை, மாடியில் ஒரே அறை, ‘வாடகைக்கு’ என்ற அட்டை ஏழு மாதமாகத் தொங்குகிறது. அங்கேதான். நீலப் போர்டு, வெள்ளை எழுத்து, ‘செண்பகவல்லி அண்டு கோ, ஆடிட்டர்ஸ்’. கோ என்று யாரும் கிடையாது, லிங்கம்மாள் அக்காவைக் கூட்டிப்போனால் அக்காதான் கோ. போர்டு ஆடிட்டர் நாற்காலிக்கு நேர் எதிரே வர வேண்டும், ஒரு சாண் இப்படி அப்படி நகரக்கூடாது. தலையைத் தூக்கினால் அது, தண்ணீர் குடித்தால் அது. சவுந்தரபாண்டியன் இந்த மாடிப்படிக்கு வராமல் அந்த மாடிப்படி ஏறுவார். அவருக்கும் ஒரு ஜோக் சொல்ல வேண்டும், இன்னும் யோசிக்கவில்லை. ஆனால் அது பிறகு. முதலில் இன்றைக்கு நான்கு மணி. தேதி கிடைத்த கையோடு ஆபீஸ் லெட்டர்பேடில் எழுதிவைத்த லீவு கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தாள். ‘ஜூலை முப்பத்தொன்று முதல் தேர்வு முடியும்வரை விடுப்பில் இருப்பேன்.’ அனுமதி கேட்கவில்லை, வேண்டவில்லை, இருப்பேன். ஒரே வரி. நடக்கப்போவதை அவள் பத்துத் தடவை நடத்திப் பார்த்துவிட்டாள். கடிதத்தை வைப்பாள். அவர் படிப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். “என்னம்மா இது?” என்பார். லீவு லெட்டர் சார். “சீசன்ல விளையாடுறியா?” விளையாடல சார், முப்பத்தொம்பது வாங்குனவ எதுக்கு உங்க சீசனுக்கு? இங்கே அவர் முகம் மாற வேண்டும். இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் காட்சி நின்றுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. வைப்பாள், படிப்பார், கழற்றுவார். சிரித்துவிடக்கூடாது, அதுதான் முக்கியம். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துப் பழகினாள். நன்றி கெட்டவ என்று சொன்னால்? சொல்லட்டும், மசால் தோசைக்கு எவ்வளவு நன்றியோ அதை அன்றைக்கே சொல்லியாயிற்று. வேலையை விட்டு நின்னுக்கோ என்று சொன்னால்? நின்னுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்ல வருமா? ‘நின்னுக்கிறேன் சார்.’ ‘சார்’ வேண்டாம். ‘நின்னுக்கிறேன்.’ லிங்கம்மாள் அக்கா ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

நான்கடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் வந்தது. மின்விசிறி ஒரு தடவை புரண்டு சுற்ற ஆரம்பித்ததும் ஐம்பத்தொன்பது கட்டமும் எழுந்து பறக்கப் பார்த்தது, அவள் ஸ்கேலை எடுத்து அதன் தலையில் வைத்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஆடிட்டர் தெய்வநாயகம் சந்தனமும் தாம்பூலப் பையுமாக உள்ளே வந்தார். முகமெல்லாம் கல்யாணச் சாப்பாடு. “யம்மா, என்ன வெயிலு. லிங்கம்மா, இந்தா பை, தேங்கா வெத்தல நீ எடுத்துக்க. செண்பகம், கையெழுத்துக்கு ஏதும் இருக்கா? சீக்கிரம் கொண்டா, அஞ்சு மணிக்கு ஒரு நிச்சயதார்த்தம் வேற.”

நேற்று முடித்து வைத்த கடிதங்கள் பதினொன்று. அவற்றோடு அவள் தன் கடிதத்தையும் வைத்தாள், நடுவில் இல்லை, ஒளித்தெல்லாம் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலே, முதல் தாளாக. உள்ளே கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். முதல் தாளில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது தாளைத் திருப்பினார்.

செண்பகத்துக்கு ஒரு கணம் என்ன நடந்தது என்றே புரியவில்லை. இரண்டு மணி நேரமாகப் படிப்பார், படிப்பார் என்றே நடத்திப் பார்த்திருக்கிறாள். பதினோரு வருடத்தில் அவள் நீட்டிய எந்தத் தாளையும் இந்த மனுஷன் படித்ததில்லை என்பது, ஊருக்கே ஜோக்காகத் தெரிந்த விஷயம், அவளுக்கு மட்டும் எப்படி மறந்துபோனது? கண்ணாடியைக் கழற்றாத ஆளிடம் எதைச் சொல்வது? பேனா ஐந்தாவது தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

“சார், மொத லெட்டர ஒரு தடவ படிச்சுப் பாத்துருங்க.”

அவர் தலையைத் தூக்கவில்லை. “நீ படிச்சுட்டேல்ல?”

“படிச்சுட்டேன்.”

“அப்பறம் நான் எதுக்கு?” ஆறாவது, ஏழாவது. “சீல் வெச்சு வெச்சுரும்மா.”

அவளுக்கு அழுகை முட்டியது. அதுவும் எப்படிப்பட்ட அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை. இந்த ஊரில் தன்னை இவ்வளவு நம்புகிற ஆள் வேறு எவனும் கிடையாது, இவ்வளவு துச்சமாக வைத்திருக்கிற ஆளும் வேறு எவனும் கிடையாது, இரண்டும் ஒரே ஆள். சொல்லிவிடலாமா? சார், இது லீவு லெட்டர், முப்பத்தொன்றாம் தேதி நான் வரமாட்டேன். வழியை விரித்து வைத்தால் இவர் வழி நெடுக நின்று கேள்வி கேட்பார். அவரே சொல்லிக்கொடுத்ததுதான். அவள் கேட்டாயிற்று, படிக்கச் சொல்லியும் சொல்லியாயிற்று. இனி அது அவர் பாடு. பன்னிரண்டு தாளையும் அடுக்கி எடுத்துக்கொண்டாள்.

“வேற ஏதும் உண்டா?” என்றார்.

“அவ்வளவுதான் சார்,” என்றாள். சிரிக்கவில்லை. அதை அவர் பார்க்கவும் இல்லை.

தன் மேஜைக்கு வந்து ஆபீஸ் சீலை மையில் அழுத்தி, அவர் கையெழுத்தின் மேல், ‘விடுப்பில் இருப்பேன்’ என்ற வரிக்குக் கீழே, வட்டம் சிதறாமல் வைத்தாள். இரண்டு நகல் எடுத்தாள். ஒன்று தன் ஃபைலுக்கு. இன்னொன்றை முப்பதாம் தேதி போகும்போது அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள், முப்பத்தொன்று காலை மாடிப்படி முழுக்க ஆள் நிற்கும்போது அவர் முதல் தடவையாக அவள் எழுதிய ஒன்றைப் படிப்பார். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியாது. அது ஒன்றுதான் குறை. ஐந்து மணிக்கு அவர் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிப் போன பிறகும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. கால அட்டவணையில் ‘கோபம்’ என்ற சின்னக் கட்டத்தைப் பார்த்தாள், அதை அழிக்கவில்லை, இன்னும் தேவைப்படும். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, போன மே மாதக் கேள்வித்தாளிலிருந்து முதல் கணக்கை எடுத்து, இருபது நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். கேள்வியை முழுக்கப் படித்து முடிப்பதற்குள்ளேயே கை முதல் வரியில் ஆன்சரை எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிட்டது. சரியான ஆன்சர். செண்பகம் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாள் கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்தி அதைக் குறுக்கே அடித்துவிட்டு, அடுத்த வரியில், ஒவ்வொரு எழுத்தாக, ‘ஒர்க்கிங் நோட் ஒன்று’ என்று எழுதினாள்.